கிழக்குக் கரையில் சூரியன் கடலில் மறைவதில்லை

தூரிகை – வாசகர் கேள்வி பதில்

சொந்த ஊர்க் கடற்கரையையும் வீட்டு நினைவுகளையும் வரைகிறவர்கள் தங்கள் சந்தேகங்களை எழுதலாம் என்று கேட்டிருந்தோம். கடலூர், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து வந்த கடிதங்களே இந்தப் பக்கங்களை நிரப்பிவிட்டன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

அப்பா மீன்பிடித் தொழில் செய்தவர். சாயங்காலம் கடலூர் சில்வர் பீச்சில் அவரும் ஆட்களும் படகைக் கரையேற்றும் காட்சியை அக்ரிலிக்கில் வரைந்தேன். பின்னால் கடலில் சூரியன் மறைகிறது, வானம் முழுக்க ஆரஞ்சு, ஆட்கள் நிழலுருவமாக இருக்கிறார்கள். படத்தைப் பார்த்த பெரியப்பா, "இது நம்ம ஊரு இல்லியேப்பா" என்கிறார். எங்கே தவறு?
— தேவனாம்பட்டினம் வாசகர்

பெரியப்பா சொன்னதுதான் சரி. நம் கரை கிழக்கைப் பார்த்தது. சூரியன் கடலிலிருந்து எழும், ஊருக்குப் பின்னால் போய் மறையும். கோவாவிலோ கேரளத்துக் கோவளத்திலோ எடுத்த புகைப்படத்தை வைத்துக்கொண்டு வானத்தை வரைந்தால், படகும் ஆட்களும் எவ்வளவு நன்றாக அமைந்தாலும் ஊர் மாறிவிடும்.

சாயங்காலம் 5 மணிக்கு சில்வர் பீச்சில் கடலைப் பார்த்து நின்றால் வெயில் உங்கள் முதுகில் அடிக்கும். அதனால் நாலு விஷயங்கள் மாறுகின்றன. படகின் இந்தப் பக்கம் முழு வெளிச்சத்தில் இருக்கும். நீலமும் சிவப்பும் பளிச்சென்று தெரியுமே தவிர நிழலுருவமாகாது. ஆட்களின் நிழல் கடலை நோக்கி நீளும். அலையின் நுரைதான் படத்திலேயே மிக வெளுத்த இடம். அதிலும் சுண்ணாம்பு வெள்ளை இருக்காது. டைட்டானியம் ஒயிட்டில் ஊசிமுனை அளவு எல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்) கலந்த இளஞ்சூடான வெள்ளையாக இருக்கும். அடிவானத்துக்கு மேலே ஆரஞ்சும் கிடையாது. சூரியன் மறைந்த சில நிமிடங்களில் கடலோரமாக ஒரு சாம்பல் நீலப் பட்டை தெரியும், அதற்கு மேலே மங்கிய ரோஜா நிறப் பட்டை. அந்தச் சாம்பல் நீலம் பூமியின் நிழல். இருட்ட இருட்ட அது மேலேறி ரோஜாவை விழுங்கிவிடும். கிழக்குக் கரையில் மாலையை வரைகிறவர்களுக்கு இதைவிட அழகான வானம் இல்லை. ஆனால் இதை வரைகிறவர்கள் மிகக் குறைவு.

காலையில் எல்லாம் தலைகீழ். வெளிச்சம் அலைக்குப் பின்னாலிருந்து வருவதால், உடைவதற்கு முன்னால் மெலிந்து நிற்கும் அலையின் உச்சியை ஊடுருவிக்கொண்டு வரும். அந்த மெல்லிய விளிம்பு மட்டும் பச்சைக் கண்ணாடி போலிருக்கும், அடிப்பாகம் கருத்திருக்கும். நிழல்கள் உங்களை நோக்கி வரும். நுரைகூட ஓரத்தில்தான் வெளுப்பு, நடுவில் நீலம் கலந்த சாம்பல்.

உங்கள் படத்தைச் சரிசெய்ய இரண்டு வழி. ஆரஞ்சை வைத்துக்கொண்டு அதை விடியற்காலையாக்கிவிடலாம் என்று தோன்றும். ஆனால் விடியல் ஆரஞ்சு கால் மணி நேரம்தான் நிற்கும். பிடித்து முடித்துப் படகுகள் கரைக்கு வருவது வெயில் ஏறிய பிறகு. கடிதத்தில் நீங்களே 'சாயங்காலம்' என்று எழுதியிருப்பதால் வானத்தை மாற்றுங்கள் என்றே சொல்வோம். ஆரஞ்சின் மேல் நேரடியாக நீலம் பூசினால் சேறாகிவிடும், இரண்டும் எதிர் நிறங்கள். முதலில் டைட்டானியம் ஒயிட்டைக் கெட்டியாக இரண்டு பூச்சு, ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகு. அதன்மேல் வெள்ளை, அல்ட்ராமரைன் (ஆழ்ந்த நீலம்), ஒரு துளி பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு) கலந்த சாம்பல் நீலம். ரோஜாப் பட்டை வரும் இடத்தில் மட்டும் இரண்டாவது வெள்ளைப் பூச்சை மெல்லியதாக விடுங்கள். அடியிலிருக்கும் ஆரஞ்சு லேசாகத் தெரிந்தால் அந்த இடத்துக்கு உயிர் வரும். பிறகு ஆட்களுக்கு முதுகிலும் தோளிலும் வெளிச்சம் ஏற்றுங்கள்.

தண்ணீரில் அஸ்தமனம்தான் வேண்டுமென்றால் கடலூரிலேயே இடம் இருக்கிறது. துறைமுகத்துக்கு எதிரே, கடலுக்கும் உப்பனாற்றுக்கும் நடுவிலுள்ள குப்பங்களின் பக்கம் நின்று மேற்கே பாருங்கள். ஆற்று நீரில் சூரியன் இறங்கும், பழைய நகரத்தின் கட்டடங்கள் எதிர்வெளிச்சத்தில் நிற்கும்.

இன்னொன்று: சூரியன் எழும் இடம் வருஷம் முழுக்க ஒன்றல்ல. நம் ஊரில் ஜூன் கடைசியில் நேர் கிழக்கிலிருந்து வடக்கே சுமார் 24 பாகை தள்ளி எழும், டிசம்பர் கடைசியில் அதே அளவு தெற்கே தள்ளி. கையை நீட்டிப் பிடித்த முஷ்டியின் அகலம் ஏறக்குறைய 10 பாகை. அதாவது இரண்டரை முஷ்டி இடப்பக்கமோ வலப்பக்கமோ நகரும். பொங்கல் காலையை வரைகிறவர்கள் சூரியனை வலப்பக்கம் தள்ளி வைக்க வேண்டும்.

மாசி மகத் தீர்த்தவாரியை இரவுக் காட்சியாக வரைய ஆசை. கடலில் நிலவு வைக்கலாமா?
— வைத்திக்குப்பம் வாசகி

தாராளமாக. மாசி மகம் பௌர்ணமியை ஒட்டி வருவது. பௌர்ணமியன்று சூரியன் மேற்கே விழும் நேரத்தில் நிலவு கிழக்கே கடலிலிருந்து எழும். அதனால் நடு இரவுக்குப் போக வேண்டாம், அந்தியையே வரையுங்கள். வானம் இன்னும் ஊதா கலந்த நீலமாக இருக்கும், நிலவு வெள்ளையாக இல்லாமல் வெளிறிய ஆரஞ்சாக இருக்கும், சாமிகளின் அலங்காரத்தில் கடைசி வெளிச்சம் மீதமிருக்கும். நிலவைப் பெரிதாக வரைவதுதான் எல்லோரும் செய்கிற தவறு. நீட்டிய கையின் சுண்டுவிரல் நகத்தில் பாதிக்குள் முழு நிலவு அடங்கிவிடும்.

கடலுக்கு எந்த நீலம்? வாங்கிய பெட்டியில் தேலோ ப்ளூ, அல்ட்ராமரைன், செருலியன் மூன்றும் இருக்கின்றன. எதைப் போட்டாலும் காலண்டர் படம் மாதிரி ஆகிறது.
— தாழங்குடா வாசகர்

நீங்கள் இருப்பது பெண்ணையாறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆற்று நீர் வண்டலோடு வந்து கலக்கும்போது கரையோரக் கடல் டீ நிறத்தில் இருக்கும், அதற்கும் அப்பால்தான் பச்சை தொடங்கும். சில நாட்களில் இரண்டும் சந்திக்கும் கோடு கத்தியால் வெட்டினது போலத் தெரியும். பங்குனி, சித்திரையில் தெளிந்து நீலப்பச்சையாக மாறும். ஆக முதல் கேள்வி எந்த மாதம் என்பது, எந்த நீலம் என்பது அதற்குப் பிறகு.

தேலோ ப்ளூவை ட்யூபிலிருந்து அப்படியே பூசுவதால்தான் காலண்டராகிறது. அது மிக வீரியமான நிறம். ஒரு பட்டாணி அளவு அல்ட்ராமரைனுக்குக் கடுகளவு தேலோ போதும். தெளிந்த நாள் கடலுக்கு அல்ட்ராமரைன் 3 பங்கு, எல்லோ ஓக்கர் 1 பங்கு, கடுகளவு தேலோ. மழைக்காலக் கரையோரத்துக்கு எல்லோ ஓக்கரும் பர்ன்ட் அம்பரும் (கரும்பழுப்பு) சம பங்கு, அதில் கொஞ்சம் அல்ட்ராமரைன். அடிவானத்தை நெருங்கும்போது பொதுவாகக் கடல் வானத்தைவிட ஒரு படி கருமையாக இருக்கும். அந்த ஒரு படி வித்தியாசம் இல்லாவிட்டால் கடலும் வானமும் ஒட்டிக்கொள்ளும். ஈர மணலை மறந்துவிடாதீர்கள். அது மணல் நிறமல்ல, மணலின் மேல் விழுந்த வானம். காய்ந்த மணலைவிட இரண்டு படி கருமையாக முதலில் பூசி, காய்ந்த பிறகு வானத்தின் நிறத்தை மெல்லியதாக மேலே இழுங்கள்.

தாத்தாவின் கட்டுமரத்தை நினைவிலிருந்து வரைகிறேன். புகைப்படம் இல்லை. எவ்வளவு முயன்றாலும் தோணி போலவே வருகிறது.
— சிங்காரத்தோப்பு வாசகி

தோணிக்கு உள்பக்கம் உண்டு. கட்டுமரத்துக்கு உள்பக்கமே கிடையாது. உங்கள் கை பழக்கத்தில் இரண்டு விளிம்பும் நடுவில் ஒரு குழிவும் போட்டு, குழிவுக்குள் நிழலும் தீட்டுகிறது. அங்கேதான் தோணியாகிவிடுகிறது.

எடை குறைந்த மரத் துண்டுகளைப் பக்கம் பக்கமாக அடுக்கி, முன்னும் பின்னும் குறுக்குக் கட்டைவைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினது அது. ஆணி கிடையாது. சிறியதில் மூன்று மரம், பெரியதில் ஐந்து, ஏழு என்று போகும். நடுமரம் கொஞ்சம் தாழ்ந்தும் ஓரமரங்கள் கொஞ்சம் உயர்ந்தும் இருப்பதால் மேல்பக்கம் லேசான குழிவு உண்டு, ஆனால் கிண்ணம் போல அல்ல. முன்பக்கம் மரங்கள் குறுகிச் சேர்ந்து மேல்நோக்கி வளையும். குறுக்கே வெட்டினால் எப்படி இருக்கும் என்று ஒரு ஓரத்தில் வரைந்து பாருங்கள்: நான்கைந்து உருண்டைகள் அரைச் சந்திரன் போல அடுக்கியிருக்கும். அது சரியாக வந்தால் மற்றது தானாக வரும்.

கடலில் இருக்கும்போது தண்ணீர் மரங்களின் இடுக்கு வழியாக ஏறி இறங்கும். ஆகவே மரத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே தெளிவான கோடு போடாதீர்கள். தூரத்திலிருந்து பார்த்தால் மரமே தெரியாது. வளைந்த மூக்கு கொஞ்சம், மண்டியிட்டுத் துடுப்புப் போடுகிற ஆள் முழுசாக. ஆள் தண்ணீரின் மேலேயே உட்கார்ந்திருப்பது போலத் தெரிய வேண்டும். கரையில் வைத்து வரைவதானால் இன்னொரு உண்மையான காட்சியும் உண்டு. தொழில் முடிந்ததும் கட்டுகளை அவிழ்த்து, ஊறிய மரங்களைத் தனித்தனியாக மணலில் காயப் போடுவார்கள். அவிழ்த்த கயிறும் ஈரம் உலர்ந்துவரும் மரமும் தோணி வரைகிறவர் யாருக்கும் தோன்றாத காட்சி.

நினைவைச் சோதிக்க ஒரு வழி. பெரிய தாளில் கரிக்கோலால் லேசாக வரைந்து, வீட்டில் மூத்தவர்களிடம் கொண்டுபோய் வையுங்கள். 'எப்படி இருந்தது?' என்று கேட்டால் 'நல்லாத்தான் இருந்துச்சு' என்பார்கள். 'கயிறு எந்த இடத்தில் வரும்? தாத்தா எந்தப் பக்கம் உட்காருவார்? பாய் என்ன நிறம்?' என்று கேளுங்கள். விரலால் தாளின் மேலேயே காட்டுவார்கள். கரிக்கோல் என்பதால் அங்கேயே அழித்துத் திருத்தலாம். பேனாவில் வரைந்து கொண்டுபோனால் படம் கெட்டுவிடுமோ என்று திருத்தவே தயங்குவார்கள்.

காலத்தையும் கவனியுங்கள். ஃபைபர் படகுகள் நம் கரையில் இவ்வளவு பெருகியது 2004 சுனாமிக்குப் பிந்தைய நிவாரணத்தின்போதுதான். தாத்தா காலத்துக் காட்சியில் பின்னால் ஒரு நீல ஃபைபர் படகும், தெர்மகோல் ஐஸ் பெட்டியும், நீலத் தார்ப்பாயும் இருந்தால் நினைவு உடைந்துவிடும். நைலான் வருவதற்கு முந்தைய பருத்தி வலை என்றால், சாயம் ஏற்றிய பழுப்பு நிறம். இன்றைய பச்சை, நீல வலையின் நிறத்தைப் போடக் கூடாது.

ஆயாவின் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று இருக்கிறது, மூன்றரைக்கு ஐந்து அங்குலம். கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பெரிதாக வண்ணத்தில் வரைய வேண்டும். எப்படித் தொடங்குவது? புடவை நிறத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?
— முத்தியால்பேட்டை வாசகர்

முதலில், கண்ணாடியிலிருந்து படத்தைப் பிய்க்காதீர்கள். கடற்கரைக் காற்றின் ஈரத்தில் படத்தின் மேல்பூச்சு இளகிக் கண்ணாடியோடு ஒட்டியிருக்கிறது. இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். சட்டத்திலிருந்து கண்ணாடியோடு சேர்த்தே வெளியே எடுத்து, ஜன்னலுக்குப் பக்கத்தில் நேர் வெயில் படாத இடத்தில் தட்டையாக வையுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம். கைப்பேசியைக் கிட்டக் கொண்டுபோனால் மூக்கு பெருத்து விளிம்பு வளையும். கொஞ்சம் தள்ளி நின்று 2 மடங்கு ஜூமில் எடுங்கள். பிரதிபலிப்பு விழுந்தால் உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிட்டால் போய்விடும்.

அசல் அளவில் ஒரு பிரதி எடுத்து, அதன்மேல் அரை அங்குலக் கட்டங்கள் போடுங்கள். அகலத்தில் 7, உயரத்தில் 10 கட்டங்கள் கச்சிதமாக வரும். 14க்கு 20 அங்குல கேன்வாஸில் 2 அங்குலக் கட்டங்கள் போட்டால் சரியாக நான்கு மடங்கு. முகம் வரும் கட்டங்களை மட்டும் இன்னும் நாலாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கண்ணும் வாயும் ஒரு நூல் நகர்ந்தாலும் ஆயா வேறு யாரோ ஆகிவிடுவார். கட்டக் கோடுகளுக்கு எச்பி பென்சில் போதும். காப்பியிங் பென்சில், பால்பாயின்ட் இரண்டும் மேலே பூசும் வண்ணத்தில் கசியும்.

புடவை நிறத்துக்கு வருவோம். கறுப்பு வெள்ளைப் படத்தில் கருமையாகத் தெரிவதெல்லாம் கருநிறமல்ல. பழைய ஆர்த்தோ வகை ஃபிலிம் சிவப்பு வெளிச்சத்தை உணராது. குங்குமச் சிவப்பும் அரக்கும் அதில் கறுப்பாக விழும், வெளிர்நீலம் வெள்ளையாகிவிடும். ஆயா சிவப்புக் குங்குமம் வைக்கிறவர் என்று வீட்டில் தெரிந்து, படத்தில் பொட்டு மை போலக் கன்னங்கரேலென்று இருந்தால், அந்த வகை ஃபிலிமாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் படத்தில் கறுப்பாகத் தெரிவது அரக்குப் புடவையாக இருந்திருக்கலாம். பீரோவில் பழைய புடவை ஏதாவது இருந்தால் அதைக் கைப்பேசியில் கறுப்பு வெள்ளையில் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றும். கைப்பேசி எல்லா நிறத்தையும் உணர்கிற வகை என்பதால் அந்த ஒப்பீடு ஏமாற்றும். கரையின் அகலம், புட்டாவின் அமைப்பு இவற்றை ஒப்பிடுங்கள். நிறத்தை அத்தைகளிடம் கேளுங்கள்.

முகத்தின் நிறமும் அப்படியே நம்பத்தக்கதல்ல. ஸ்டூடியோக்களில் நெகட்டிவின் மேல் பென்சிலால் தீட்டிச் சுருக்கங்களையும் குழிகளையும் மறைப்பது வழக்கம். வழவழவென்ற அந்த முகம் அன்றைய கைவேலை. 'ஸ்கின்' என்று எழுதியிருக்கும் வெளிர் ரோஜா ட்யூபை ஒதுக்கிவையுங்கள். நம் முகத்துக்கு அது அடித்தளமாகக்கூட ஆகாது. பர்ன்ட் சியன்னா 2 பங்கு, எல்லோ ஓக்கர் 1 பங்கு, அல்ட்ராமரைன் அரைப் பங்கு. இதுதான் நடு நிறம். நிழலுக்கு அல்ட்ராமரைனைக் கூட்டி ஒரு துளி கிரிம்சன். வெளிச்சம் விழும் இடத்துக்கு வெறும் வெள்ளை கலந்தால் முகம் சாம்பல் பூத்துவிடும், ஓக்கரோடு சேர்த்தே வெளுக்க வையுங்கள். திறந்த வெளியில் உட்கார்ந்திருக்கிற மாதிரி வரைவதானால், கருத்த நெற்றியின் பளபளப்பில் வானத்து நீலம் கொஞ்சம் இருக்கும். அந்த நீலத்தைத் துணிந்து வையுங்கள். முகம் உருண்டு எழும்.

கண்களையும் மூக்குத்தியையும் கடைசிவரை தள்ளிப்போடுங்கள். பெரிய வெளிச்ச நிழல் சரியாக அமையாத முகத்தில் எவ்வளவு அழகான கண் வரைந்தாலும் உட்காராது.

கைவினைக் காகிதத்தில் நீர்வண்ணம் போட்டால் திட்டுத்திட்டாக இறங்குகிறது. காகிதம் விலை உயர்ந்ததுதான். இரண்டு வருஷம் முன்னால் வாங்கி வைத்தது.
— லாசுப்பேட்டை வாசகி

அந்த இரண்டு வருஷம்தான் காரணம். நீர்வண்ணக் காகிதத்தில் வண்ணம் உடனே உறிஞ்சப்படாமல் இருக்கப் பசை ஏற்றியிருப்பார்கள். புதுச்சேரி ஈரத்தில் திறந்து கிடந்தால் அது திட்டுத்திட்டாகச் செத்துப்போகும். ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். ஒரு நிமிடம் முத்துப்போல நின்றால் நல்ல காகிதம். சில நொடிகளில் மறைந்தால் ஒற்றுத்தாள் ஆகிவிட்டது. சில கைவினைக் காகிதங்கள் எழுதவும் அச்சடிக்கவும் செய்தவை. அவற்றில் தொடக்கத்திலேயே பசை குறைவு. அரவிந்தர் ஆசிரமக் காகிதம் உட்பட எதை வாங்கினாலும் நீர்வண்ணத்துக்கானதா, எத்தனை ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் காகிதத்தின் எடை, கிராமில்) என்று கேட்டு வாங்குங்கள். 300 ஜிஎஸ்எம் பருத்திக் காகிதம் அவ்வளவாக நெளியாது.

செத்த காகிதத்தைத் தூக்கிப் போட வேண்டாம். கேக் சாமான் கடையில் கிடைக்கும் வாசனை சேர்க்காத ஜெலட்டின் 25 கிராமை 1 லிட்டர் குளிர்ந்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். பிறகு கை பொறுக்கும் சூட்டுக்குக் கொஞ்சம் மேலே சூடாக்கிக் கரையுங்கள். கொதிக்கவிட்டால் பசைத்தன்மை போய்விடும். அகலமான மென்பிரஷால் இரண்டு பக்கமும் பூசிக் கொடியில் கிளிப் போட்டுக் காயவிடுங்கள். நம் வெயிலில் கரைசல் மறுநாள் நாறிவிடும், அன்றன்றே செய்து தீர்த்துவிட வேண்டும். ஜெலட்டின் மாடு முதலிய விலங்குகளின் எலும்பு, தோலிலிருந்து வருவது, அதைத் தொட மனமில்லாதவர்கள் அந்தக் காகிதத்தில் நீர்வண்ணத்தை விட்டுவிட்டு அக்ரிலிக் போடலாம். மீதிக் காகிதத்தை ஜிப் உறையில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

கடற்கரையில் உட்கார்ந்து அக்ரிலிக் போட்டால் தட்டிலேயே காய்ந்துவிடுகிறது. மணலும் ஒட்டுகிறது.
— சோனாங்குப்பம் வாசகர்

மூடியுள்ள டிபன் டப்பாவில் ஈர ஸ்பாஞ்சைப் பரப்பி, மேலே பட்டர் பேப்பர் போட்டு அதன்மேல் வண்ணத்தை எடுங்கள். இரண்டு மணி நேரம் தாங்கும். காயாமலிருக்கத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போகாதீர்கள். பாதிக்குமேல் தண்ணீரானால் பிடிமானம் குறைந்து பிறகு துடைத்தால் வரும். பிரஷ் கழுவக் கடல் தண்ணீர் கூடவே கூடாது, காய்ந்ததும் உப்புப் பூக்கும். கடல்காற்று பிற்பகலில்தான் மணலைக் கிளப்பும். வேலையைக் காலை 8 மணிக்குள் முடியுங்கள். ஒட்டிய மணலை ஈரத்தில் தேய்க்காமல், காய்ந்த பிறகு காய்ந்த பிரஷால் தட்டிவிடுங்கள். வலை காயப்போட்டிருக்கும் இடத்தில் ஸ்டூல் போடுவதற்கு முன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். செருப்புக் காலோடு வலையை மிதிக்கக் கூடாது.

கைப்பேசியில் எடுத்த படத்தைப் பார்த்து வரைந்தால் கரையில் நிற்கிறவர்கள் மிதக்கிறார்கள். ஏன்?
— வீராம்பட்டினம் வாசகர்

அடிவானக் கோடு எப்போதும் பார்க்கிறவரின் கண்மட்டம். நீங்கள் நின்று பார்த்தால், சமதளத்தில் நிற்கும் உங்கள் உயரக்காரர்கள் எல்லோருடைய கண்ணையும் அந்தக் கோடு வெட்டிப் போகும். பத்தடியில் நின்றாலும் இருநூறு அடியில் நின்றாலும் அப்படியே. கால்தான் மேலும் கீழும் போகும். மணல் கடலை நோக்கிச் சரிவதால் தண்ணீரோரம் நிற்கிறவர்களின் தலை கோட்டுக்குக் கொஞ்சம் கீழே இறங்கும். மணலில் உட்கார்ந்து எடுத்த படத்தில் கடலையும், நின்று எடுத்த படத்தில் ஆட்களையும் எடுத்து ஒட்டினால் இரண்டு கண்மட்டம் மோதி ஆட்கள் மிதப்பார்கள். ஒரே உயரத்தில் எடுத்த படங்களையே சேருங்கள். கோடு சாய்ந்திருக்கிறதா என்று காகிதத்தின் மேல் விளிம்பிலிருந்து இரு பக்கமும் அளந்து பாருங்கள். அரை நூல் சாய்ந்தாலும் கடல் வழிந்துவிடும்.

சின்ன வயதில் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மணலில் விளையாடினோம். இப்போது பாறைகள். நான் எதை வரைவது? பாட்டி வீடு வைசியாள் வீதிப் பக்கம். அந்த மஞ்சள் சுவரும் வரவில்லை.
— நெல்லித்தோப்பு வாசகி

உங்கள் நினைவில் இருப்பது மணல் என்றால் மணலையே வரையுங்கள். 1980களின் கடைசியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் அணை கட்டினார்கள். வருஷத்தின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணல் அங்கே தடுக்கப்பட்டது, வடக்கே இருந்த கடற்கரை அரித்துப்போய், கருங்கற்களைக் கொட்ட வேண்டியதாயிற்று. அண்மை ஆண்டுகளில் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலடித் தடுப்பு போட்ட பிறகு ஒரு பகுதியில் மணல் திரும்பியிருக்கிறது. அங்கே காலையில் போய் உட்கார்ந்து மணலின் சரிவையும் அலை ஏறி இறங்கும் தூரத்தையும் மட்டும் பழகிக்கொண்டு வாருங்கள். மற்றதை நினைவு தரும். பாறைகளை வரைவதானால் கறுப்பு ட்யூப் வேண்டாம். அல்ட்ராமரைனும் பர்ன்ட் அம்பரும் சேர்ந்த கருமையில், வெயில் படும் முகத்துக்கு ஓக்கர்.

மஞ்சள் சுவருக்கு லெமன் எல்லோ எடுத்திருப்பீர்கள். அது பச்சை கலந்த மஞ்சள். எல்லோ ஓக்கரில் கொஞ்சம் கேட்மியம் எல்லோ டீப், தேவையான வெள்ளை. நிழலில் கறுப்பு கலந்தால் மஞ்சள் பாசிப் பச்சையாகும். அல்ட்ராமரைனோடு பர்ன்ட் சியன்னா கலந்த ஊதாச் சாம்பலை மெல்லியதாகப் படரவிடுங்கள். சுவரின் அடிப்பகுதி நிழலில் தரையில் பட்டுத் திரும்பும் வெயிலின் சூடு இருக்கும், அங்கே கொஞ்சம் ஆரஞ்சு. ஆனால் அந்த மஞ்சள் பெரும்பாலும் பிரெஞ்சுப் பகுதியின் அடையாளம். பாட்டி வீடு தமிழ்ப் பகுதி. அங்கே மஞ்சளைவிட முக்கியம் வீட்டின் அடுக்கு: தெருவோரம் மரத்தூண் தாங்கிய தாழ்வாரம், அதற்குள் திண்ணை, பிறகு வாசற்கால், நடை, கடைசியில் முற்றத்தின் வெளிச்சம். கதவு திறந்திருக்கும்போது வெயில், நிழல், இருட்டு, மறுபடி வெயில் என்று நான்கு படியாக மாறும். அதைப் பென்சிலில் நான்கு கருமைகளாக ஐந்து நிமிடத்தில் பிரித்துக்கொண்ட பிறகு வண்ணம் எடுங்கள்.

சட்டம் போட்ட படங்களில் ஒரே வருஷத்தில் பழுப்புப் புள்ளிகள்.
— கடலூர் பழைய நகர வாசகர்

பூஞ்சை. படம் கண்ணாடியைத் தொடக் கூடாது, நடுவில் அமிலமில்லாத மவுன்ட் அட்டை வேண்டும். பின்பக்கம் ஹார்டுபோர்டு ஈரத்தைக் குடித்து உப்பும். சன்போர்டு (பிளாஸ்டிக் நுரை அட்டை) போடச் சொல்லி, ஓரத்தை டேப்பால் மூடச் சொல்லுங்கள். மழைச் சாரல் அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டாமல் உள்சுவரில் மாட்டுங்கள். சட்டத்தின் கீழ் மூலைகளுக்குப் பின்னால் அரை அங்குலக் கார்க் துண்டு ஒட்டினால் காற்று ஓடும். அடைமழை நாளில் சட்டம் போடக் கொடுக்காதீர்கள், அன்றைய ஈரம் உள்ளேயே அடைபட்டுவிடும். அக்ரிலிக் படங்களுக்கு வார்னிஷ் அடிப்பதும் வெயில் நாளில்தான். ஈரக் காற்றில் அடித்தால் வெண்மூட்டம் படியும்.

படத்தின் பின்னால் என்ன எழுதுவது?
— பரங்கிப்பேட்டை வாசகி

மென்பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயின்ட் முன்பக்கம் தடம் காட்டும், ஸ்கெட்ச் பேனா ஊறி வெளியே வரும். கேன்வாஸ் என்றால் துணியில் எழுதாமல் மரச்சட்டத்தில். ஊர், இடம், பார்த்த திசை, மாதம், வேளை, எந்தக் காலத்து நினைவு, யார் சொல்லித் திருத்தியது, யார் எங்கே நிற்கிறார்கள், என்ன காகிதம், என்ன வண்ணம். 'வெள்ளாற்று முகத்துவாரம், தெற்கே பார்த்து, தை மாதக் காலை. 1970 வாக்கில். இடப்பக்கம் கூடையோடு நிற்பது பெரிய அத்தை, பக்கத்தில் சின்ன அத்தை. புடவை நிறம் சின்ன அத்தை சொன்னது. பருத்திக் காகிதம், நீர்வண்ணம்.' இந்த அளவு போதும்.